ஆலா முட்டையிட்ட மணல்திட்டு

ஞாயிறு செம்பொற்குடமெனக் கடல்விளிம்பில் எழ, ஓதம் வடிந்த கழிமுகம் நனைந்த பட்டென மின்ன, ஆறும் அலையும் கைகோத்துக் குவித்த மணல்திட்டு முத்துப்பரப்பென வெளுத்துக் கிடந்த வைகறையில், மூட்டுநோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவளாய், முழங்காலளவு நீரைக் கடந்து நடந்தாள் ஒரு பெருமாட்டி. கல்லூரியில் முப்பதாண்டு உயிரியல் கற்பித்து, ஓய்வுபெற்றும் ஓயாமல் கரைவாழ் உயிர்களைப் பற்றி எழுதிவந்த அவளுக்கு மாணாக்கர் இட்ட பெயர் நண்டம்மா. நண்டுவளையொன்று கண்ணிற் பட்டால் வந்த வேலையை மறந்து குனிந்துவிடுவாள்.

திட்டை அடைந்ததும் ஆலாப் பறவைக் கூட்டம் வெண்புகையென எழுந்து அவள் தலைக்குமேல் சுழன்று கூச்சலிட்டது. ஊன்றத் தூக்கிய கால் அப்படியே நின்றது. காலடியிற் கிடந்தவை கூழாங்கற்கள் அல்ல, முட்டைகள்! மணலைக் கிளறிய சிறுகுழிகள் நாற்பத்தேழை எண்ணினாள். களிக்கவேண்டிய நெஞ்சில் இடி விழுந்தது. 'இக்கழிமுகத் திட்டுகளில் எப்பறவையும் முட்டையிடுவதில்லை' என்று இருபதாண்டுக்கு முன் நூலில் எழுதியவள் அவளே. குஞ்சுகள் பறந்துபோன பருவத்தில் வந்து, வெறுமணலைக் கண்டு எழுதிய வரி அது. அவ்வரியைச் சான்றாகக் காட்டியே இத்திட்டை அகழ்ந்து படகுத்துறை அமைக்கத் துறைமுகத்தார் முனைந்திருந்தனர்.

அவள் எழுத்துகளைப் படியெடுத்துத் தரும் தங்கை, செய்தி கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, பறவை இப்பதான் புதுசா வந்திருக்குன்னு எழுதிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி. புதுசா வந்ததுன்னா வேற இடம் பார்த்துக்கும்னு சொல்லிடுவாங்க. பார்க்கவேண்டிய மாசத்துல நான் பார்க்கலை. அதைத்தான் சொல்லணும்."

துறைமுக மன்றத்தில் அவள் எழுந்து நின்றபோது, பொறியாளர் அவளது பழைய நூலையே உயர்த்திக் காட்டினார்.

"உங்களை நம்பித்தானேம்மா வரைபடம் போட்டோம்? அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொன்னா எப்படி?"

சிலர் நகைத்தனர். அவள் குரல் தளரவில்லை. "அன்னிக்குச் சொன்னது தப்பு. நான் பண்ண தப்புக்கு அதுங்க ஏன் சாகணும்? நாளைக்குக் காலையில என்கூட வாங்க. நீங்களே எண்ணிப் பாருங்க."

மறுநாள் காற்சட்டையை மடித்துக்கொண்டு வந்த பொறியாளர், பத்தாங்குழியோடு எண்ணுவதை விட்டு, தம் காலடியை மட்டுமே பார்த்து நடந்தார். திங்கள் ஒன்று கழியுமுன் அகழ்வுப்பணி கைவிடப்பட்டது. படகுத்துறை ஆழமான மறுகரைக்கு மாறிற்று.

தங்கை பாராட்டினாள். நண்டம்மாவோ எழுதுகோலை எடுத்தாள். தன் வரியை நம்பிப் பத்தாண்டுக்கு முன்பே அகழப்பட்டு, இன்று அலைமட்டுமே புரளும் வடதிட்டைப் பற்றி எழுதலானாள். அங்கே எத்தனை குழிகள் இருந்தன, எத்தனை சிறகுகள் திரும்பிவந்து இடந்தேடி அலைந்தன என்பதை இனி உரைக்க வல்லார் எவருமிலர். அதையும் மறையாது எழுதி, அடியில் தன் பெயரைத் தெளிவாக வரைந்தாள்.