தேர்வுக் குழுவில் மூன்றாவது பெயர்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சுகாதாரச் சேவை குறித்த முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு நிதியுதவி வழங்கும் தேர்வுக் குழுவினரின் பெயர்கள் ஒட்டப்பட்டன.

மூன்றாவது பெயர் அவளுடைய நெறியாளருடையது.

சீட்டு வாங்கிய நோயாளிகள் டாக்டரைப் பார்க்காமலே ஏன் வீடு திரும்புகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. அதற்காக நர்ஸ் வேலையிலிருந்து சம்பளமில்லா விடுப்பில் வந்து, இந்த நிதிக்கு விண்ணப்பித்திருந்தாள். நிதி கிடைத்தால் விடுப்பை நீட்டலாம். இல்லையென்றால் ஜூனில் வேலைக்குத் திரும்ப வேண்டும், ஆய்வு அந்தரத்தில் நிற்கும். பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததும், பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தாள். கணவனும் சிரித்தான்.

"உங்க சாரே நீதிபதின்னா வழக்கு எதுக்கு? நேரா போய்த் தீர்ப்பை வாங்கிட்டு வா."

மறுநாள் பிரிவு அலுவலர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். குழு உறுப்பினரின் மாணவர் விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அவள் விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்களாம். நெறியாளரிடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விதியை அவர் படித்திருக்கவில்லை.

"உனக்காக ஒரு வார்த்தை சொல்லலாமேன்னுதாம்மா ஒத்துக்கிட்டேன்."

அன்றே குழுவிலிருந்து விலகினார். அதில் சிக்கல் இன்னும் இறுகியது. அவர் போனதால் குழுவில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்த குழு கூட முடியாது. கூடாத குழுவால், ஒதுக்கி வைத்த விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அவர் குழுவுக்குத் திரும்ப வசதியாக, வேறு நெறியாளரிடம் மாறிக்கொள்ளட்டுமா என்று அலுவலரிடம் கேட்டாள். தாராளமாக மாறலாம், துறைத் தலைவர் ஒப்புதல் தந்தால் போதும் என்றார் அலுவலர். துறைத் தலைவரும் அதே நெறியாளர்தான். அவர் கையெழுத்துப் போட்டால் அது தன் மாணவிக்குக் காட்டிய சலுகையாகிவிடும்.

படியிறங்கும்போது யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குப் புரியவில்லை. கெடுத்தவர் என்று ஒருவருமில்லை. பாதிப் படியில் ஏதோ கேள்வி தோன்றித் திரும்ப ஏறினாள். மேலே போனதும் அது மறந்துபோய், வேறொன்றைக் கேட்டாள்.

"இப்ப நான் யாரோட மாணவி, சார்?"

அலுவலர் விதிப் புத்தகத்தை மூடினார். "எனக்கும் தெரியலம்மா. கெடுதல் பண்ணா என்ன செய்யணும்னு இதுல இருக்கு. நல்லது பண்ணப் போய் மாட்டிக்கிட்டா என்னன்னு இல்ல."

ஏப்ரலில் புது உறுப்பினர் வந்தார், குழு கூடியது. அவள் விண்ணப்பம் அன்றுதான் திரும்ப எடுக்கப்பட்டதால், கெடு தாண்டி வந்ததாகக் கொள்ளப்பட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. ஜூன் முதல் தேதி அவள் புறநோயாளிப் பிரிவில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.