முந்நூறு ஆந்தை பெற்ற அச்சு

ஒரே சிலிக்கோன் ரப்பர் அச்சில் முந்நூறு ஆந்தைத் தலைகளை வார்த்த ஒரே மனிதப்பிறவி நான்தான். முந்நூறாவது ஆந்தையைக் கண்ணாடி முன் வைத்தால் அதற்கே வெட்கம் வந்துவிடும், அவ்வளவு அழகு.

நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவியின் தம்பியே நம்பவில்லை. அவனும் அச்சுப் பட்டறைக்காரன். உள்ளே ஊற்றும் ரெசின் பிசின் இறுகும் சூட்டில் அச்சு நாற்பது வார்ப்புக்குள் கிழிந்துவிடும் என்பது அவன் வேதவாக்கு.

என் மகளின் பட்டறைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது: நாடக அரங்கின் நாற்காலிக் கைப்பிடிகளுக்கு முந்நூறு ஆந்தைகள். அச்சு எடுத்த கையோடு மூல மரச்சிற்பம் கீழே விழுந்து பிளந்தது. வார்ப்பிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் ஆந்தை மயிரிழை சுருங்கும், கைப்பிடியில் பொருந்தாது. இருக்கிற அச்சு கிழிந்தால் ஆர்டர் போச்சு.

"உள்பக்கம் பாலிமர் பூச்சு அடிப்போம்," என்றேன் மைத்துனனிடம்.

"நானும் அடிச்சவன்தான் மாமா. பத்தாவது வார்ப்புலயே பழைய சுவர் பெயிண்ட் மாதிரி உரிஞ்சுது."

"அச்ச எப்படி வெச்சு அடிச்ச மாப்ள?"

"மேசை மேலதான். பின்ன, மடியில வெச்சுத் தாலாட்டுப் பாடியா அடிப்பாங்க?"

தப்பு அங்கேதான். வார்ப்பை எடுக்க அச்சைப் பின்பக்கம் மடக்குகிறோம். தட்டையாகக் கிடந்தபோது காய்ந்த பூச்சு, மடக்கியதும் வெடிக்கும். நான் அச்சை மடக்கிப் பிடித்தபடியே, கண்ணாடியில் மூச்சு படிகிற அளவுக்கு மெலிசாக ஸ்ப்ரே செய்தேன். மூன்று நாள் அசையவில்லை என்று சொல்ல ஆசைதான். பூச்சு காயும்வரை மூன்று மணி நேரம்.

"அப்பா, மூக்கு அரிச்சா?" என்றாள் மகள்.

"நீ எதுக்கு இருக்க? சொறிஞ்சு விடு."

இருபது வார்ப்புக்கு ஒருமுறை அதே தவம். நாற்பது தாண்டியது. நூறில் மைத்துனன் தினமும் வேவு பார்க்க வந்தான். இருநூறில் அவனே வார்ப்புகளை எண்ணத் தொடங்கினான்.

கடைசி ஆந்தை வெளியே வந்த அன்று, அளவு பார்க்கும் வெர்னியரோடு வந்து முதலாவதையும் முந்நூறாவதையும் அளந்தான். மறுபடி அளந்தான். மயிரிழை வித்தியாசமில்லை.

சரக்கெடுக்க வந்த அரங்க மேலாளர் சிரித்தார். "ஒரே அச்சுன்னு சொல்றீங்க. கதைதானே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன் மைத்துனன் முந்திக்கொண்டான்.

"மாமா சொன்னா பாதி புளுகுதான் சார். இது நடந்துச்சு. நானே அளந்து பாத்துட்டேன்."