மதிலுக்குள் ஒரு துணிக்கொடி

1

இந்தக் கதை ஒரு படுக்கை விரிப்பிலிருந்து வந்தது. எங்கள் எதிர்வீட்டு ஓய்ஜமால் அதைத் துவைத்து முற்றத்துக் கொடியில் காயப்போட்டாள். எடுக்கும்போது துவைப்பதற்கு முன்பு இருந்ததைவிட அழுக்காக இருந்தது. மறுபடி துவைத்தாள். மறுபடியும் அப்படியே. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

(ஊர், மத்திய ஆசியாவில் கோரேஸ்ம் பாலைநிலத்து மதில் நகரங்களில் ஒன்று. பெயரை எழுதி அடித்துவிட்டேன். பயணிகள் கையேட்டோடு அந்தத் துணிக்கொடியைத் தேடி வந்துவிடுவார்கள்.)

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "பொன்னிற மாலையில், நீல மினாரின் நிழலில்…" வேண்டாம். அது நுழைவுச்சீட்டின் பின்பக்கத்து வாக்கியம்.

2

அழுக்கு எப்படி வந்தது? இதை விளக்க எனக்குப் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் முற்றத்தின் தென்புறம் ஒரு தாழ்வாரம் வடக்கு பார்த்து நிற்கும். மற்றக் கூரைகளைவிட உயரம். மேலே போகிற வடகாற்று அதில் முட்டி முற்றத்துக்குள் இறங்கும். கோடையை நாங்கள் தாண்டுவது அதனால்தான். போன வருடம், மினார் புகைப்படத்தில் நன்றாக விழ வேண்டுமென்று சுற்றுலா அலுவலகம் வடக்கே இருந்த வீட்டை இடித்துத் திடலாக்கியது. இப்போது காற்றோடு திடலின் புழுதியும் இறங்குகிறது. தாழ்வாரத்தைக் குற்றம் சொல்ல முடியாது, அது தன் வேலையைச் செய்கிறது.

இதைச் சொன்னதும் ஓய்ஜமால் தெற்கே, தெருவில் கொடி கட்டினாள். அங்கே புழுதிக்கு வீடே மறைப்பு. ஆனால் தெருவில் துணி தொங்கக் கூடாது என்பது சுற்றுலா விதி. அலுவலகத்து ரூஸ்மத் இரண்டு முறை கயிற்றை அறுத்தான். இன்னொரு முறை கட்டினால் குடும்பத்தையே மதிலுக்கு வெளியே, புது அடுக்ககத்துக்கு மாற்றிவிடுவோம் என்றான்.

"உன் மினாரு அழகா தெரியணும்னா நான் அழுக்கா திரியணுமா தம்பி?"

"அக்கா, பயணிங்க சரித்திரத்தப் பாக்க வர்றாங்க. உங்க வீட்டுக்காரரு பைஜாமாவ இல்ல."

"சரித்திரத்துல எவனும் பைஜாமா போடலையா?"

3

கதைக்கு முடிவு ஒன்று. ரொட்டி சுடுகிறவர் வாசலில் அலுவலகமே 'மரபு வாழ்க்கைக் காட்சி' என்று பலகை வைத்திருக்கிறது. ஓய்ஜமாலும் கொடியில் அப்படியொரு பலகையை மாட்டுகிறாள், பயணிகள் சூழ்ந்து— இதுவரை எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"என்னைய பொம்மையாக்கி நிக்க வைக்கிறதுக்கு அடுக்ககமே தேவல," என்றாள்.

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. அடுக்ககத்தின் ஏழாம் மாடிச் சன்னலிலிருந்து அவள் மதிலைப் பார்த்தபடி— முடிக்க மாட்டேன். இந்த வாக்கியம் முடிந்தால் அலுவலகம் ஜெயித்துவிடும்.

4

ஓய்ஜமால் வீட்டுக்குப் பக்கத்தில் ஸனோபர் பூவேலைத் துணிக்கடை வைத்திருக்கிறாள். கடைமுன் கயிற்றில் அவள் துணிகள் தொங்கலாம். அது சரக்கு, விதி அனுமதிக்கிறது.*

(* வாங்கியவர் ஊர் சுற்றிவிட்டு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அந்தத் துணியில் ஸனோபர் ஒரு சிறு அட்டையைக் குத்தி வைப்பாள். பிறகு அதை யாரும் தொடக் கூடாது.)

ரூஸ்மத் கத்தரிக்கோலோடு வந்தான். பூவேலைத் துணிகளை அடுத்து, படுக்கை விரிப்பு. அதை அடுத்து, சொட்டச் சொட்டப் பைஜாமா. அதில் குத்தியிருந்த அட்டையைப் படித்தான். விரிப்பில் இருந்ததையும் படித்தான்.

"இது சரக்கா?"

"கடைக் கயித்துல தொங்குதே," என்றாள் ஓய்ஜமால்.

"யாரு வாங்குனது?"

"எங்க வீட்டுக்காரரு. அளவு கச்சிதமா இருக்குன்னாரு."

பின்னால் பயணிகள் படமெடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கடைச் சரக்கை அறுக்க அவனுக்குக் கை வரவில்லை. கத்தரிக்கோல் பைக்குள் போனது.

நாளை அவன் வேறொரு விதியோடு வருவானா? அதை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளை மதிலுக்கு வெளியே அனுப்பிவிடாதீர்கள், திரும்பி நடந்து வந்துவிடுவாள். இன்றைக்கு வழி இதுதான்: துவைத்த துணியைக் கடைக் கயிற்றில் போட வேண்டும், ஒவ்வொன்றிலும் 'விற்றாகிவிட்டது' என்ற அட்டையைக் குத்த வேண்டும்.