கேபிள் மட்டும் வேண்டாம்

இன்டர்நெட்டுக்குக் கேபிள் எடுத்தால் வேகம், டி.எஸ்.எல். எடுத்தால் ஆமை. இதைச் சொல்ல யாரும் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். மாடியில் தனியாகக் குடியிருந்தவள் மட்டும் டி.எஸ்.எல்.தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கீழே இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. டி.எஸ்.எல். பழைய டெலிபோன் கம்பி வழியாக வருவது. அந்தத் தெருவோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகு தொலைவு. அது ஊர்ந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். கேபிள் கம்பியோ வாசல் கம்பம் வரைக்கும் வந்து, கூப்பிட்டால் வருகிறேன் என்று நிற்கிறது. அப்படியும் ஒருத்தி வேண்டாம் என்கிறாள் என்றால் அவளுக்கு என்ன கிறுக்கா என்று அந்த அம்மா எதிர்வீட்டிலும் பக்கத்துவீட்டிலும் விசாரித்துவிட்டாள்.

மாடிக்காரியும் சும்மா இருக்கவில்லை, சாக்குகள் சொன்னாள். சுவரைத் துளைப்பார்கள், தூசி ஆகாது என்றாள். மின்னல் அடித்தால் கேபிள் பெட்டி வெடித்துவிடுமாம் என்றாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் மின்னலாம்! வீட்டுக்காரம்மா நம்பவில்லை. நம்பும்படியாகப் பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும், அது அவளிடம் கிடையாது.

உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. அவள் புருஷன் கேபிள் கம்பெனியில் லைன்மேன். நாடு முழுக்க ஒரே கம்பெனி. லைன்மேன்கள் கையில் ஒரு கருவி கொடுத்திருப்பார்கள், அதில் வாடிக்கையாளர் பெயரை அடித்தால் விலாசம் வந்து நிற்கும். கூட வேலை பார்த்த ஒருவனின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, அவள் புது வீட்டை அந்தக் கருவியில்தான் பிடித்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் இதைச் சொன்னான். "எங்க ஓடினாலும் நெட் இல்லாம இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். குடிக்கும்போதும் கண் அவள் மேலேயே இருந்தது.

ஒருநாள் அவன் அவள் இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி எலும்பை முறித்தான். அந்த எலும்பு கூடியதும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தவள்தான். எங்கே இருக்கிறாள் என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. தாயிடம் சொன்னால் தாயை மிரட்டி வாங்கிவிடுவான் என்ற பயம். யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் தனக்குப் பாதுகாப்பு என்று நினைத்தாள்.

டெலிபோன் கம்பெனி வேறு, கேபிள் கம்பெனி வேறு. அவன் கருவி டெலிபோன் கம்பெனிக்குள் எட்டிப் பார்க்காது. அதனால் டி.எஸ்.எல். வந்தது. வந்த அழகை என்ன சொல்ல! டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஒரு பதிவு இறங்குவதற்குள் சாதம் வடித்துவிடலாம். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து இறக்க வேண்டும். ஆபீஸ் மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், குரலை உயர்த்தாமலே சொன்னார்: இனியும் தாமதமானால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த வேலை போனால் வாடகை இல்லை, வாடகை இல்லையென்றால் அந்த அறை இல்லை. அப்புறம் அவள் போக ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

போனில் அவள் கெஞ்சியது மாடிப்படியில் நின்ற வீட்டுக்காரம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் காது மந்தம்தான், ஆனால் இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். மறுநாளே கேபிளுக்குச் சொல்லிவிட்டு வந்து நின்றாள், ஏதோ பெண்ணுக்கு வரன் பார்த்து முடித்த பூரிப்பில்.

மாடிக்காரி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"யார் பேர்லம்மா குடுத்தீங்க?"

"என் பேர்லதான். வீடு என்னுதுதானே?"

அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வீட்டுக்காரம்மா திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்த அன்று மாடிக்காரி படுக்கையறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கதவில் காதை வைத்து நின்றாள். வந்தவன் குரல் வேறு யாருடையதோ. யாரோ ஒரு பிள்ளை, வேலையின்போது எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது. அவன் போன பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். கேபிளும் சொன்னபடி பறந்தது. மேற்பார்வையாளர் பாராட்டினார். சில நாட்கள் அவள் ராத்திரியில் விழிக்காமல் தூங்கினாள்.

பிறகு ஒரு காலை அவள் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. கேபிள் கம்பெனி வணக்கம் சொல்லி, அவளுடைய முழுப்பெயரையும் போட்டு, சேவை திருப்தியா என்று கேட்டிருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள். வீட்டுக்காரம்மா முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே பதில் சொன்னாள். இணைப்பு தன் பெயரில்தான். ஆனால் பேசுவதற்கு ஓர் ஆள் பெயரும் நம்பரும் கேட்டார்களாம். தனக்குத்தான் போனில் பேசினால் காதில் விழாதே! பார்சலுக்கும் காஸ் சிலிண்டருக்கும் எப்போதும் கொடுக்கிற மாதிரி இதற்கும் மாடிக்காரியின் பெயரைக் கொடுத்துவிட்டாள். இதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை, புரிய வழியும் இல்லை.

மாடிக்காரி கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பெயரை நீக்கிவிட்டதாகத் தேனொழுகச் சொன்னாள். அப்புறம் தானாகவே ஒன்று கேட்டாள்.

"மேடம், ஏதாவது ரிப்பேர் இருந்துச்சா? நேத்து எங்க லைன்மேன் ஒருத்தர் உங்க பேரைத் தேடிப் பார்த்திருக்காரே."

"எந்த ஊர் லைன்மேன்?"

அந்தப் பெண் சொன்ன ஊர், அவள் விட்டுவிட்டு வந்த ஊர்.

போன் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பையை எடு, ஓடு என்று உடம்பு சொன்னது. எடுத்தும் விட்டாள். படியிறங்கி வாசல் வரை வந்தாள். வேலை இங்கே, கம்ப்யூட்டர் மாடியில், மணிக்கட்டு பையின் கனத்தைத் தாங்காமல் வலிக்கிறது. இன்னோர் ஊர், இன்னோர் அறை, அங்கேயும் ஒரு கம்பி வேண்டுமே. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா முறத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

"என் புருஷன் கேபிள்காரன்மா," என்றாள் அவள். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள், மணிக்கட்டையும் காட்டினாள்.

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவளை உள்ளே கூட்டிப்போய் வெளிக்கதவைப் பூட்டினாள். பையை வாங்கித் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். போலீஸுக்குப் போன் போட்டு மாடிக்காரியைப் பேச வைத்தாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இருவரும் காத்திருந்தார்கள். மத்தியானம் ஆயிற்று, போலீஸ் வரவில்லை.

அவன் வந்தான்.

வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் மாடிக்கு ஓடி, ஜன்னலுக்குக் கீழே தரையோடு ஒடுங்கிக்கொண்டாள். குரல் மேலே வந்தது. எத்தனை பணிவான குரல்!

"அம்மா, கேபிள் கம்பெனியிலேருந்து வரேன். மாடியில லைன் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

"மாடியில யாரும் இல்லப்பா. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

எங்கே போனாள் என்று கேட்டான். தெரியாது என்றாள். பெட்டியையாவது எடுத்துக்கொண்டு போகிறேன், கதவைத் திறங்கள் என்றான். ஆபீசில் தானே கொண்டுவந்து கொடுப்பதாக அவள் சொன்னாள். அவன் விடவில்லை. அவளும் தனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி கேட்க வைத்தாள். கடைசியில் பேச்சு நின்றுவிட்டது. போய்விட்டானா?

போகவில்லை. கம்பத்தில் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. மேசை மேலிருந்த பெட்டியின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவளுக்குப் புரிந்தது. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க லைன்மேன்கள் செய்கிற வேலை இது. கம்பத்தில் கம்பியைக் கழற்றிவிட்டால் போதும், நெட் போன எரிச்சலில் எந்த மனுஷனும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பான். அவன் இப்போது ஏணி உச்சியில், அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே, அவள் தலை தெரிவதற்காகக் காத்திருக்கிறான். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவள் முகத்தைத் தரையில் அழுத்திக்கொண்டாள். இருமல் வந்துவிடுமோ, போன் அடித்துவிடுமோ என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் செத்தாள்.

வெகுநேரம் கழித்து ஏணி எடுக்கப்பட்டது. வண்டி கிளம்பியது. விளக்குகள் மட்டும் திரும்ப எரியவில்லை.

வீட்டுக்காரம்மா படிக்குப் படி சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். கையில் போன் இருந்தது, போலீஸிடம் வண்டி நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதிலைக் கேட்கப் போனை அவள் காதில் வைத்தாள்; இந்த முறை உடனே வருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கம்பெனிச் சட்டை போட்டிருந்தான்டி. அம்மா, அம்மான்னு எவ்வளவு மரியாதையாப் பேசினான் தெரியுமா? இன்னைக்குக் காலையில நீ மட்டும் என்கிட்ட சொல்லலேன்னா, நானே கதவைத் திறந்து, வெயில்ல வந்திருக்கானேன்னு தண்ணி குடுத்து, 'மேலதான் இருக்கா, போப்பா'ன்னு அனுப்பி வச்சிருப்பேன்."