ஹெலனாவுக்குப் போன ஜெபம்

மெல்பர்னில், கால்ஃபீல்ட் யூத ஜெபக்கூடத்தின் மாடியில், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹெலனாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. 1973 அக்டோபர். இஸ்ரேலில் சண்டை தொடங்கியதிலிருந்து தினமும் மாலையில் இங்கே வேதத்தின் சங்கீதங்களைப் பாடி ஜெபிக்கிறார்கள். அவள் மகன் டேனியல் சினாய்ப் போர்முனையில் இருந்தான்; ஒரு தகவலும் இல்லை. கீழே ஆண்களோ, சங்கீதத்தைப் பாட அவரவர் விட்டு வந்த ஊரின் வியன்னா ராகமா, வில்னா ராகமா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர்ல இதை அழுதுதான் பாடுவோம்," என்றார் வில்னா ராகக்காரர் ஒருவர்.

"உங்க ஊர்ல இப்போ அழக்கூட ஆள் இல்லை," என்றார் ஜெபத்தை நடத்தும் பாடகர் ஸோமர். "என் ஊர்லயும்தான். பாட விடுய்யா."

ஒருவழியாகப் பாடினார். ஆபத்தில் இருப்பவனுக்காக ஜெபிக்கும்போது தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம். ஸோமர் கண்ணை மூடி, குரலை ஏற்றி, இழுத்து, இறக்கி, "டேனியல், ஹெலனாவின் மகன்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரைக் கொடுத்ததே அவள்தான். காலையில் தொலைபேசியில் அவர் கேட்டபோது, இத்தனை வருடப் பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். ஹெலனா என்பவள் போலந்தில் ஒரு கிறிஸ்தவ ரொட்டிக்கடைக்காரரின் மகள்; காய்ச்சலில் செத்துப்போனவள். அவளுடைய ஞானஸ்நானப் பத்திரத்தை வைத்துத்தான் இவள், யூதப் பெண் என்பதை மறைத்து, உலகப்போரில் பிழைத்தாள். அதே பெயரில் கப்பலேறினாள், அதே பெயரில் மெல்பர்னில் குடியேறினாள். இப்போது மகனுக்கான ஜெபமும் அந்தச் செத்த பெண்ணுக்கே போய்ச் சேருவதா?

விறுவிறுவென்று படியிறங்கி ஆண்கள் நடுவே போய் நின்றாள்.

"பெண்கள் மேலே இருக்கணும்மா," என்றார் ஸோமர்.

"திரும்பப் பாடுங்க. அது என் பெயர் இல்லை."

"அடுத்த சங்கீதம் ஆரம்பிச்சாச்சு. யாருன்னு கடவுளுக்குத் தெரியாதா?"

"தெரியும்னா நீங்க எதுக்கு இந்த இழுப்பு இழுக்கிறீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஸோமர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினார். "சரி, சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. பிறந்தபோது வைத்த அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. வில்னா ராகக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"ரிவ்கா," என்றாள்.

"சத்தமா. எனக்கு இந்தப் பக்கக் காது கேட்காது."

"ரிவ்கா!" என்று கத்தினாள்.

ஸோமர் மறுபடி கண்ணை மூடினார். மறுபடியும் அதே ஏற்றம், அதே இழுப்பு. மனுஷருக்குச் சுருக்கமாகப் பாடவே தெரியாது போல. அவள் மேலே போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பெயர் வரும்வரை அங்கேயே நின்றாள்.