சம்பந்தி வீட்டு டோஃபு

பட்டன் வியாபாரிக்குச் சோயா ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு வீங்கித் தொண்டை அடைத்துக்கொள்ளும். சட்டைப் பையில் அதற்கான ஊசி எப்போதும் இருக்கும். இது அவர் மனைவிக்கும் மகளுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. துணியில் இருக்கிற கறையை விற்கிறவனே விரல் நீட்டிக் காட்டுவானா என்பது அவர் கட்சி. வெளியே சாப்பிடக் கூப்பிட்டால், இப்போதுதான் ஆயிற்று என்பார், வயிறு சரியில்லை என்பார், நழுவிவிடுவார்.

அன்று நழுவ வழியில்லை. மகளைக் கேட்டிருந்த பையனின் அம்மா பர்மியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள். கல்யாணப் பேச்சுக்காகக் கடையை மூடிவிட்டு, வீட்டில் விருந்து வைத்திருந்தாள். சமைத்தே பேர் வாங்கினவள் வீட்டில் கை நனைக்காமல் எழுந்தால், சம்பந்தமும் கூடவே எழுந்துகொள்ளும். சொல்லிவிடலாமா என்று மகள் படியேறும்போதே கேட்டாள். வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடக்கிவிட்டார்.

மேஜையைக் கண்ணாலேயே எடை போட்டார். மஞ்சள் மஞ்சளாகப் பொரித்த டோஃபு: சோயாப் பாலைத் திரித்துக் கட்டுவதாயிற்றே, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. ஊறவைத்த தேயிலையும் தக்காளியும் மொறுமொறு பருப்பும் கலந்த சாலட்: இலையும் பருப்பும்தானே, பரம சாது. கரண்டி நிறைய அதையே அள்ளிக்கொண்டார்.

சம்பந்தியம்மா டோஃபுவை நீட்டினாள். வேண்டாம் என்றார். வியாபாரியின் முதல் ‘வேண்டாம்’ எந்தக் கடைத்தெருவில் செல்லும்? இரண்டு துண்டு கூட்டி நீட்டினாள். மறுபடி வேண்டாம் என்றார். தட்டோடு நீட்டினாள். அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கவும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என் சமையல் பிடிக்கலையா, சம்பந்தமே பிடிக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

பையன் மெல்லுவதை நிறுத்தினான். மகள் அப்பாவையே பார்த்தாள். அவர் வாய்க்குப் பக்கத்தில் வந்திருந்த கரண்டி தட்டுக்கு இறங்கியது.

"எனக்குச் சோயா ஆகாதும்மா. சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து."

அவள் பாய்ந்து எழுந்தாள். அவர் தட்டையும் கரண்டியையும் பிடுங்கிக்கொண்டு, வாயில் ஏதாவது போட்டாரா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"எங்க டோஃபு கடலை மாவுல செய்யறது. சோயாவே கிடையாது. நீங்க ஆசையா அள்ளினீங்களே, அந்தப் பருப்புலதான் பாதிக்குப் பாதி வறுத்த சோயா."

வியாபாரிக்கு வியர்த்தது. முப்பது வருஷ மதிப்பீட்டில் இப்படித் தலைகீழாக அவர் விழுந்ததில்லை.

பிறகு சமையலறையில் சரக்குப் பார்வை நடந்தது. அவள் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுக்க, அவர் கண்ணாடியை ஏற்றி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பொரித்த டோஃபு வேண்டாம், அதே எண்ணெயில்தான் பருப்பும் வறுத்தேன் என்று அவளே ஒதுக்கினாள். கையையும் கத்தியையும் கழுவி, மூடிவைத்திருந்த தட்டிலிருந்து பொரிக்காத டோஃபுவை வெட்டினாள். எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் மட்டும் போட்டுப் புதுத் தட்டில் வைத்தாள். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் இன்னும் இரண்டு துண்டு கேட்டார், இந்த முறை பேரமில்லாமல்.

"வேற ஏதாவது குறையை மறைச்சு வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க சம்பந்தி," என்றாள் வெட்டிக்கொண்டே.

வாய் நிறைய டோஃபுவுடன் யோசித்தார். "பொண்ணு எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டா."

"என் பையனுக்கு ஒன்பது," என்று சொல்லி, பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள்.