தோளுக்குக் குடிவந்த கிரீச்

மழலையர் காப்பகத்தின் பழைய கேட்டைக் கழற்றி இரும்புக் கடைக்கு அனுப்பிய அன்று, இரும்பு மட்டும்தான் வண்டியேறியது. அதன் கிரீச் சத்தம் ஆயாம்மாவின் வலது தோளில் குடியேறிவிட்டது. வீடு தேடி அலைந்த குடித்தனக்காரர் காலி அறையைக் கண்டதும் சாமான்களை இறக்கிவைப்பது போல, கேள்வி முறை எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. எலும்புத் தேய்மானம் என்று தாய்மார்கள் முடிவு கட்டினார்கள். நாற்பதைத் தாண்டாத தோளில் தேய என்ன இருக்கிறது என்று மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்புகள் பளிச்சென்று இருந்தன. "சத்தம் வந்தா வரட்டும், வலிச்சா மட்டும் வாங்க" என்று ஒரு களிம்பை எழுதிக்கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார். வலித்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது களிம்பு போய்ச் சேரும் இடத்தில் இல்லை.

அந்தக் கேட்டின் கதை இது. துருவேறிய கீல்கள். திறப்பதற்குப் பெரியவர்களே வலது தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். முட்டினால் அது போடும் கூச்சல் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும். கொண்டி எப்போதோ உடைந்துவிட்டது. இந்தக் கனத்தைப் பிள்ளைகள் தள்ளிவிடவா போகிறார்கள் என்று யாரும் அதை மாற்றவில்லை. கஷ்டம் மதியத் தூக்க நேரத்தில்தான். ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டித் தூங்கவைத்து, கடைசிப் பிள்ளையின் முதுகிலிருந்து ஆயாம்மா கையை எடுக்கும் அதே நொடியில் எவராவது கேட்டைத் திறப்பார்கள். உடனே மொத்த அறையும் எழுந்து உட்கார்ந்து அழும். இப்படிப் பல வருஷம். ஒருநாள் ஆயாம்மா, தையல்காரரான தன் கணவரின் மிஷினுக்கு அடியிலிருந்த எண்ணெய்க் குப்பியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். எல்லோரும் போன பிறகு இரண்டு கீல்களுக்கும் தாராளமாக ஊற்றினார். கேட்டு அன்றோடு வாயை மூடிக்கொண்டது. கூடவே இலகுவாகவும் ஆகிவிட்டது. அதை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஆயாம்மாவே முதலில் வந்து கேட்டைத் திறந்துவைத்து, எல்லோரும் வந்தபின் அவரே சாத்தியதால், அது ஊமையானது யாருக்கும் தெரியவில்லை. மதியம் அறை முழுக்க அப்படி ஒரு அமைதி. மின்விசிறியின் சத்தத்தைக் கூட அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார் ஆயாம்மா. பிள்ளைகளுக்கு நடுவே பாயில் சும்மா சாய்ந்தார். சும்மா என்பது அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. உண்மையில் வாய் பிளந்து தூங்கிவிட்டார். அப்போது எழுந்தவன் இன்ஸ்பெக்டர். இரண்டரை வயது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செருப்பு வரிசை, தண்ணீர்க் குழாய், மற்ற பிள்ளைகளின் மூக்கு என்று எல்லாவற்றையும் பார்வையிடும் பழக்கத்தால் வந்த பெயர். அறையைப் பார்வையிட்டான், முற்றத்தைப் பார்வையிட்டான், ஒரு விரலால் கேட்டைத் தொட்டான். அது வழிவிட்டது. சாலையின் நடுவில் நின்று லாரியைப் பார்வையிட்டான். டிரைவர் மிதித்த மிதியில் ரப்பர் தீய்ந்த வாசனை காப்பகத்துக்குள் வந்து, அதனால்தான் ஆயாம்மா விழித்தார். எதிர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பையனின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. டிரைவர்தான் நடைபாதையில் உட்கார்ந்து குழந்தை போல அழுதுகொண்டிருந்தார்.

கூட்டம் கூடி, கேட்டு விரியத் திறந்து கிடந்தது. "வாசலை யாரு பாத்துக்கிட்டிருந்தது?" என்று காப்பகத்தை நடத்தும் மேடம் கேட்டார். பின்பக்கம் தண்ணீர் மோட்டாரைப் போடப் போயிருந்த வாட்ச்மேன் முன்னால் வந்தார். யாரும் அறியாத ரகசியம் ஒன்று அவரிடம் இருந்தது: அவர் வாசலைக் கண்ணால் காவல் காப்பதில்லை, காதால் காப்பார். சோம்பேறி என்பார்களே என்று வெளியே சொன்னதில்லை. கேட்டு திறந்திருக்கிறது, தனக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவருக்குத் தெரிந்தது. "நான்தான் மேடம். நின்னவாக்குல தூங்கிட்டேன் போல" என்றார். ஆயாம்மா இன்ஸ்பெக்டரை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். விரல்களில் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். வேலை போன வாட்ச்மேன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது, "புள்ளைய விடாதம்மா, பயந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு போனார். அந்த வாரமே புதுக் கேட்டு வந்தது, உச்சியில் கொண்டி வைத்து. சத்தம் தோளுக்கு வந்தது அப்போதுதான்.

அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கண்ட நேரத்தில் கத்தாது. பெரியவர் துணையில்லாமல் ஒரு பிள்ளை ஏதாவது ஒரு வாசலைத் தாண்டினால் மட்டுமே கத்தும். குளியலறைப் பக்கம் ஒரு பிள்ளை நழுவினால் கிரீச். ஊஞ்சலுக்குப் பின்னால் வேலிச் சந்தில் தலையை நுழைத்தால் கிரீச். ஆயாம்மா ஓடிப்போய்ப் பிடித்துவிடுவார். பிள்ளைகளைச் சேர்க்க வரும் தாய்மார்களிடம் மேடம் பெருமையாகச் சொல்வார்: "எங்க ஆயாம்மாவுக்கு முதுகுலயும் கண்ணு." பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் ஆயாம்மா தலையைக் குனிந்துகொள்வார். என்ன அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும். திட்டு வாங்கினால் தேவலை என்று ஏங்கி, வேண்டுமென்றே இரண்டு தட்டுகளை உடைத்துப் பார்த்தார். "பரவாயில்ல, பழைய தட்டுதானே" என்றார் மேடம்.

வருஷங்கள் போயின. இன்ஸ்பெக்டர் பெரிய பள்ளிக்கூடம் சேரும் வயதை நெருங்கினான். ஒருநாள் தையல்காரர் ஒரு மெத்தைக் கடைக்கு உறை தைத்துக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உங்க பழைய வாட்ச்மேனப் பாத்தேன். அங்கதான் வேலை. அவர் கண்ணு மூடுறதே இல்லையாம். உங்க இடத்த விட்டு வந்த நாள்லேருந்து இமையே இறங்கலையாம். மொதலாளிக்கு ஒரே கொண்டாட்டம், ரெண்டு ஷிப்டும் அவருக்கே. சுத்தி அத்தன மெத்த, மனுஷன் நடுவுல முழிச்சுக்கிட்டு நிக்கிறார். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல." ஆயாம்மா சிரிக்கவில்லை. தட்டில் இருந்ததை அப்படியே மூடிவைத்தார்.

மறுநாள் கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவருகே வாட்ச்மேன் நின்றிருந்தார், கண்கள் இரண்டு சிவந்த பொத்தான்களாக. ஆயாம்மா வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, தலையணை பார்க்க வந்தவர்களின் குழந்தை கதவுக்கு வெளியே காலை வைத்தது. தோள் கிரீச்சென்றது. வாட்ச்மேன் துள்ளித் திரும்பி, "ஏய், கேட்டு!" என்று பாய்ந்து குழந்தையைப் பிடித்துவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம கேட்டு சத்தமாச்சே இது. எங்கேருந்து வருது?"

"என் தோள்லேருந்துதாண்ணே."

"அப்படியா" என்றார், தெரிந்தவர் வேறு தெருவுக்கு வீடு மாறியதைக் கேட்டவர் போல. "இது அன்னிக்கும் கத்தியிருக்கும்மா. எனக்குத்தான் காதுல விழல. நின்னுக்கிட்டே தூங்குறவன் எல்லாம் ஒரு வாட்ச்மேனா, சொல்லு? அதான் கண்ணுக்கு என் மேல நம்பிக்க போயிடுச்சு. மூட மாட்டேங்குது."

"அன்னிக்கு அது கத்தலண்ணே."

அவர் குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"முந்தின நாள் நான் எண்ணெய் விட்டுட்டேன். புள்ளைங்க நல்லா தூங்கட்டும்னு..." ஆயாம்மா நிறுத்தினார். "இல்ல. அதுவும் பொய். நான் கொஞ்சம் தூங்கலாம்னு. நீங்க தூங்கலண்ணே. தூங்குனது நான். மேடம் கேட்டப்ப வாயத் தொறக்காம நின்னதும் நான்தான்."

"என்ன எண்ணெய்?"

"தையல் மிஷின் எண்ணெய்."

"அப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் வாட்ச்மேன். அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முகம் சிவந்தது. விரலை நீட்டினார். "உன்ன நல்லா நாலு வார்த்த கேக்கணும்மா. கேக்காம விட மாட்டேன். ஆனா இப்ப..." என்று ஒரு கொட்டாவி விட்டார். கடையில் மிச்சமிருந்த அத்தனை பேருக்கும் அது தொற்றிக்கொண்டது. "எழுந்து வந்து கேக்குறேன், இரு" என்றபடி பக்கத்திலிருந்த மெத்தையில் சாய்ந்தார். இமைகள் இறங்கின. முதலாளி உலுக்கிப் பார்த்தார், தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கடைசியில் மெத்தையோடு தள்ளிக்கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து வைத்துவிட்டார். வாரக்கணக்கில் தூங்கும் ஆளைப் பார்க்கவே ஜனம் வந்தது. வந்தவர்கள் அதே மெத்தை வேண்டும் என்றார்கள்.

ஆயாம்மா மேடத்திடமும் சொன்னார். வேலை போய்விடும் என்று மாற்றுப் புடவை, தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டுதான் சொன்னார். மேடம் அந்தப் பையை வாங்கிக் கீழே வைத்தார். "கொண்டி ஒடஞ்சிருக்குன்னு அவர் என்கிட்ட எத்தனயோ வாட்டி சொன்னார். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்னே ஓட்டிட்டேன்" என்றார். "அன்னிக்கு அவர் தானா ஒத்துக்கிட்டதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, ஆயாம்மா." ஆயாம்மா சாயும் பாயைச் சுருட்டிவிட்டு மதியத்துக்கு அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. தனியாள் அறையில் இருக்கக் கூடாது என்று இன்னொரு பெண்ணும் வேலைக்கு வந்தாள். வாட்ச்மேனின் ஸ்டூலைத் துடைத்து வாசலில் போட்டுவைத்தார்கள்.

அவர் எழுந்து நேராக அங்கேதான் வந்தார். சரியாக மதியத் தூக்க நேரம். சொன்னபடி ஆயாம்மாவைத் திட்டினார். உறங்கும் பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று அவ்வளவையும் குசுகுசுவென்றே திட்டினார். நாலு வார்த்தை மாலைவரை நீண்டது. தன் பெண் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் தன்னைத் தூங்குமூஞ்சி என்றதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. ஆயாம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஒன்று விடாமல் கேட்டார். அழுதார். நடுவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார் வாட்ச்மேன். எல்லாம் முடிந்ததும், ஸ்டூலைக் கேட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

சத்தம் அதோடு போய்விடும் என்று தையல்காரர் எதிர்பார்த்தார். போகவில்லை. காப்பகத்தில் தன் கடைசி நாளன்று இன்ஸ்பெக்டர் அம்மாவின் கையை உதறிவிட்டுத் தெருவில் கால்வைக்கப் போனபோது, அது வழக்கம்போல் கத்தியது. அவன் வைத்த காலைப் பின்னால் எடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, சாலையை இரண்டு பக்கமும் பார்வையிட்டான். வாட்ச்மேன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். அன்று வீட்டில், "ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாமா?" என்று தையல்காரர் எண்ணெய்க் குப்பியை நீட்டினார்.

"மிஷினுக்கு விடுங்க" என்றார் ஆயாம்மா.